ஒரு கோப்பையும் ஒரு மணி நேரமும்



சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் வாடகை வீட்டின் பாடுகளைக் குறித்து எழுதியிருந்தேன். அதை வாசித்த சகோதரி ஒருவர், ஆராதனை முடிந்து தேநீர் பரிமாறுகிற இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டு, "பிரதர், எப்பொழுது பார்த்தாலும் கஷ்டங்களையே எழுதுகிறீர்கள். மனதுக்கு இதமான ஒரு காரியத்தை எழுதக் கூடாதா?" என்று கேட்டார். அவர் கையிலும் ஒரு தேநீர்க் குவளை, என் கையிலும் ஒரு தேநீர்க் குவளை. எதைக் குறித்து எழுதுவது என்று அப்பொழுதே தீர்மானித்துவிட்டேன். ஆனால் எழுத உட்கார்ந்தபோதுதான், இதமான காரியத்துக்குள்ளும் சொல்லியே தீர வேண்டிய ஒரு பாடம் என் சொந்த வீட்டிலேயே இருப்பது நினைவுக்கு வந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்லுகிறேன்.

கருப்பட்டிக் காப்பியிலிருந்து கட்டிங் வரை

நான் பிறந்த நெல்லைச் சீமைக் கிராமத்தில் தேநீருக்கு அத்தனை மரியாதை கிடையாது. வீட்டில் எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி. விருந்தாளி வந்தால் சீனி போட்ட பால் காப்பி. தேநீர் என்பது பேருந்து நிறுத்தத்துக் கடையில் ஆண்கள் நின்றுகொண்டு குடிப்பது. "டீக்கடையில் நின்றான்" என்றால் அது ஒரு குற்றச்சாட்டாகவே இருந்தது.

1992 ஆம் ஆண்டு வேலை தேடி மும்பைக்கு வந்தேன். அப்பொழுது அது பம்பாய். தாராவியில் ஒரே அறையில் எட்டுப் பேர். மறுநாள் அதிகாலையில், ஊர்க்கார அண்ணன் ஒருவர் என்னைத் தெருமுனைக்கு அழைத்துப்போய், சிறு கண்ணாடிக் குவளையில் அரைப்பங்கு தேநீரை வாங்கிக் கொடுத்தார். அதற்குக் "கட்டிங்" என்று பெயர் என்றார். இடித்த இஞ்சியின் காரமும் பாலின் கெட்டியும் தொண்டைக்குள் இறங்கியபோது, வீட்டை விட்டு வந்த பாரம் சற்றே குறைந்தது போலிருந்தது. ஹிந்தியில் நான் முதன்முதலாகக் கற்ற வாக்கியமும் "ஏக் கட்டிங்" என்பதே.

பிரியமானவர்களே, அந்நிய பட்டணத்தில் நமக்கு அறிமுகங்களை உண்டாக்கித் தந்தது எது என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் அடுத்த வீட்டு மராத்தி அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. என் மனைவிக்கு அன்று மராத்தி தெரியாது. ஆனாலும் அந்த அம்மாள் ஒரு மழைநாளில் எலுமிச்சைப் புல்லின் நீண்ட தாளை முடிச்சுப் போட்டு நீரில் கொதிக்கவைத்து, "கவதி சஹா" என்று சொல்லி ஒரு குவளை கொண்டுவந்து கொடுத்தார்கள். மறுவாரம் எங்கள் வீட்டிலிருந்து முறுக்கு போயிற்று. அந்த உறவு இன்றும் தொடருகிறது.

ஒரே செடி, பல சுவை

பல ஆண்டுகள் தெருமுனைத் தேநீரே எனக்குப் போதுமாயிருந்தது. பின்பு என்னோடு வேலை செய்த சிலிகுரிக்காரர் ஒருவர் விடுமுறை முடிந்து திரும்புகையில், ஒரு சிறு பொட்டலத்தில் டார்ஜிலிங் இலை கொண்டுவந்தார். "பால் ஊற்றாதீர்கள், கொதிக்கவும் விடாதீர்கள்" என்று கண்டிப்பாய்ச் சொன்னார். அந்த நாளிலிருந்து என் வீட்டு அலமாரியில் ஒரு டப்பா மூன்று டப்பாவாயிற்று. "மளிகைச் சாமான் வைக்க இடமில்லை, உங்கள் தேயிலைக்கு மட்டும் இடமிருக்கிறது" என்பது என் மனைவியின் நியாயமான முறையீடு.

பச்சைத் தேயிலை, கறுப்புத் தேயிலை, வெள்ளைத் தேயிலை என்று எத்தனை பெயரில் விற்றாலும், யாவும் கமேலியா சினென்சிஸ் என்னும் ஒரே செடியின் இலைகளே. பறித்த இலையை வாட்டி, சுருட்டி, காற்றுப்பட வைத்து நிறம் மாறச் செய்து, பின் உலர்த்தினால் கறுப்புத் தேயிலை. நிறம் மாறுவதற்கு முன்பே சூடேற்றி அந்த மாற்றத்தை நிறுத்திவிட்டால் பச்சைத் தேயிலை.

கறுப்புத் தேயிலையிலும் இரண்டு வகையுண்டு. இலையை முழுமையாய் வைத்துச் சுருட்டுவது பழைய முறை; அதில் மணம் அதிகம், சாயம் குறைவு. பல்லுள்ள உருளைகளுக்கிடையே இலையை நசுக்கி, கிழித்து, சிறு மணிகளாகச் சுருட்டுவது "சி.டி.சி." முறை, 1930களில் அஸ்ஸாமில் தோன்றியது. இதில் சாயமும் கடுப்பும் விரைவாய் இறங்கும். பாலுக்கும் சர்க்கரைக்கும் ஈடுகொடுக்கும். இந்தியாவில் ஆண்டொன்றுக்கு விளைகிற சுமார் 130 கோடி கிலோ தேயிலையில் பெரும்பகுதி இந்த வகையே. அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை நாமே குடித்துவிடுகிறோம்!

இலைத் தேயிலைக்குக் காலமும் உண்டு. டார்ஜிலிங்கில் மார்ச், ஏப்ரலில் வருகிற முதல் துளிரின் சாறு வெளிர்நிறமாய், பூமணத்தோடு இருக்கும். மே, ஜூனில் வருகிற இரண்டாம் துளிரில் பழுத்த திராட்சையின் வாசனை வீசும். 2004 ஆம் ஆண்டு இந்தியாவில் முதன்முதலாகப் புவிசார் குறியீடு பெற்ற பொருள் டார்ஜிலிங் தேயிலைதான். நம்முடைய நீலகிரியும் குறைந்ததல்ல. டிசம்பர், ஜனவரி மாதங்களின் குளிரில் பறிக்கப்படுகிற உறைபனித் தேயிலையை ஒருமுறை ருசித்தவர்கள் அதைத் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

இலைகளைச் சுவைத்துத் தரம் பார்க்கிறவர்களுக்கென்று 1980 ஆம் ஆண்டு ஒரு சர்வதேச அளவுமுறையே வெளியிடப்பட்டது. 100 மில்லி நீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடங்கள். இலையின் குறை முழுவதும் வெளிப்பட வேண்டும் என்பதற்காக அத்தனை கடுமை. நம் வீட்டுக்கு அது வேண்டாம். 200 மில்லி நீருக்கு ஒரு தேக்கரண்டி இலை, மூன்று அல்லது நான்கு நிமிடங்கள் மூடிவைத்தால் போதுமானது. முதல் துளிரானால், கொதித்த நீரை ஒரு நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள்.

சின்னச் சின்னக் கவலைகள்

தேநீர்ப் பிரியனுடைய கவலைகள் மற்றவர்களுக்குச் சிரிப்பாயிருக்கும். ஜூன் மாதம் மும்பையில் மழை பிடித்துவிட்டால் எனக்குத் தேயிலையைக் குறித்தே விசாரம். உலர்ந்த தேயிலை ஈரத்தையும் வாசனையையும் பஞ்சைப்போல் இழுத்துக்கொள்ளும். ஒருமுறை விலையுயர்ந்த இலையை எறும்புக்குப் பயந்து துணி அலமாரியில் வைத்தேன். அங்கே பாச்சை உருண்டை இருந்ததை மறந்துபோனேன். அந்த ஒரு பொட்டலமும் வீணாயிற்று. காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சம் படாமல், மசாலாவுக்கும் பெருங்காயத்துக்கும் தூரமாய் வைப்பதே நலம்.

அடுத்தது தண்ணீர். மும்பைக்கு ஏரிகளிலிருந்து வருகிற குழாய்நீர் மென்மையானது. தேநீர் தெளிவாய் வரும். ஆழ்துளைக் கிணற்று நீரிலோ, லாரி நீரிலோ சுண்ணாம்புச் சத்து மிகுதியாயிருந்தால் சாறு மங்கி, மேலே ஓர் ஏடு மிதக்கும். ஊருக்குப் போகும்போது "இங்கே டீ ஏன் நன்றாயில்லை?" என்று கேட்டு அத்தையின் மனதை நோகச் செய்யாதீர்கள். குற்றம் அத்தையுடையதல்ல, தண்ணீருடையது.

இஞ்சி போட்டவுடன் பால் திரிந்துபோகிறதா? பச்சை இஞ்சியில் பாலைத் திரியச் செய்கிற ஒரு நொதி உண்டு. முதலில் நீரில் இஞ்சியைச் சில நிமிடங்கள் நன்றாய்க் கொதிக்கவிடுங்கள். அந்த நொதி செயலிழந்துவிடும். பின்பு தூள், அதற்குப் பின்பு பால்.

உதிரியாய் வாங்குகிற தூளில் செயற்கைச் சாயம் கலந்திருக்குமோ என்கிற சந்தேகம் உங்களுக்கும் இருக்கலாம். ஒரு வெள்ளை வடிதாளில் சிறிது தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, சற்று நேரம் கழித்துத் தூளைக் குழாய்நீரில் அலசிவிடுங்கள். தாளில் உடனே திட்டுத் திட்டாய் நிறம் பிடித்திருந்தால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள்.

கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிற பழக்கமும் நம்மில் அநேகருக்கு உண்டு. 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பது உணவுக்குழாயில் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2016 ஆம் ஆண்டு அறிவித்தது. சில நிமிடங்கள் பொறுத்திருந்தால் நாவுக்கும் சுவை நன்றாய்த் தெரியும்.

இன்னொரு கவலையும் உண்டு. இதைச் சின்னது என்று சொல்ல மாட்டேன். நம்முடைய மாஞ்சோலையை நெல்லைக்காரர்கள் அறிவார்கள். 1929 ஆம் ஆண்டுக் குத்தகையில் உண்டான அந்தத் தோட்டங்களில் 2024 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தோடு வேலை நிறுத்தப்பட்டது. தலைமுறை தலைமுறையாய்க் கொழுந்து பறித்த குடும்பங்கள் மலையை விட்டு இறங்க வேண்டியவர்களானார்கள். "இரண்டு இலை, ஒரு மொட்டு" என்று நாம் ரசித்துப் பேசுகிற ஒவ்வொரு கொழுந்திலும் ஒரு ஸ்திரீயின் விரல் பட்டிருக்கிறது. விலை பேசும்போது இது என் நினைவில் நிற்கிறது.

உபவாச நாளின் தலைவலி

இதை வெளிப்படையாய்ச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. ஆனாலும் வாசகர்களில் பலர் "நானும்தான்" என்பீர்கள் என்று நம்புகிறேன்.

பல வருஷங்களாக, மாதத்தில் ஒருநாள் உபவாச ஜெபத்துக்குப் போகும்போதெல்லாம் மத்தியானத்துக்குள் எனக்குத் தலைவலி வந்துவிடும். பசியினால் என்றே நினைத்திருந்தேன். ஆனால் வயிற்றில் பசியே இல்லாத வேளையிலும் நெற்றிப்பொட்டு தெறித்தது. என் பக்கத்தில் முழங்காலிலிருந்த முதியவர் என்னிலும் இருபது வயது மூத்தவர். அவர் மாலை வரை தெளிவாயிருந்தார். அவர் தேநீர் குடியாதவர்!

தேநீரிலுள்ள காஃபீனுக்குப் பழகிய சரீரம், அது கிடையாதபோது 12 மணி நேரம் முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, சோர்வு, எரிச்சல் ஆகியவற்றைக் காட்டத் தொடங்கும். முந்தின நாள் இரவு கடைசிக் குவளை. மறுநாள் மத்தியானம் தலைவலி. கணக்கு சரியாயிருந்தது. அப்பொழுது நான் நாளொன்றுக்கு ஏழு குவளை குடித்துக்கொண்டிருந்தேன். ஒரேயடியாய் நிறுத்தவில்லை. வாரத்துக்கு ஒரு குவளையாகக் குறைத்து, ஒரு மாதத்தில் மூன்றுக்கு வந்தேன். அடுத்தடுத்த உபவாச நாட்களில் தலைவலி மெல்ல விலகிற்று. மாலை ஐந்தரை மணிக்குப் பின் தேநீர் இல்லை என்று வைத்துக்கொண்டதால் இரவு நித்திரையும் நன்றாயிற்று.

ஏழு குவளைக்கு இரண்டு கரண்டி வீதம் பதினான்கு கரண்டி சர்க்கரை என் சரீரத்துக்குள் தினமும் போய்க்கொண்டிருந்ததையும் அப்பொழுதே உணர்ந்தேன். சர்க்கரை வியாதி உள்ள குடும்பத்தில் பிறந்தவன் இதை முன்பே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

மகளுடைய இரத்தப் பரிசோதனை

இனி நான் முதலில் சொன்ன பாடம்.

என் மகளுக்கு அப்பொழுது பதினாறு வயது. பத்தாம் வகுப்பு முடித்துக் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். காலையில் ஏழு மணிக்குள் வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். நானே எழுந்து தேநீர் போடுவேன். இந்தப் பட்டணத்தின் வழக்கப்படி, முந்தின இரவின் சப்பாத்தியைச் சூடாக்கி, சுருட்டி, தேநீரில் தோய்த்து இருவருமாய்ச் சாப்பிடுவோம். அந்தப் பதினைந்து நிமிடங்களில்தான் அவள் தன் சிநேகிதிகளைக் குறித்தும், பாடங்களைக் குறித்தும் பேசுவாள். என் நாளின் மிகச் சிறந்த வேளை அதுவே. "அப்பா கை டீ" என்று அவள் சொல்லும்போது எனக்குள் ஒரு பெருமை.

சில மாதங்களில் அவள் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனையில் நின்று பாட முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். "படிப்பின் களைப்பு" என்றேன் நான். "கைப்பேசியில் இரவு விழித்திருக்கிறாள்" என்றாள் அவள் தாய். ஒருநாள் ரயில் நிலையத்தில் மயங்கி விழுந்தாள். மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஹீமோகுளோபின் 8.1. அவள் வயதுப் பெண்ணுக்கு 12க்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

அந்தப் பெண் மருத்துவர் மருந்து எழுதுவதற்கு முன்பு, "காலையில் என்ன சாப்பிடுகிறாய்?" என்று கேட்டார். "சாயும் சப்பாத்தியும்" என்றாள் மகள். "மத்தியானம்?" "டிபன் சாப்பிட்டு ஒரு கட்டிங்." "இரவு?" "சாப்பாடு முடிந்து அப்பாவோடு ஒரு டீ." மருத்துவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். கோபமாய்ப் பார்க்கவில்லை. ஆனாலும் நான் தலை குனிந்தேன்.

பிரியமானவர்களே, தேநீரில் கடுப்பைக் கொடுக்கிற பொருட்கள், தானியத்திலும் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தோடு இணைந்து, அது சரீரத்தில் சேராதபடி தடுத்துவிடுகின்றன. போஜனத்தோடு கூடவே குடித்தால்தான் இந்தத் தடை மிகுதி. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களில், போஜனத்துக்கு ஒரு மணி நேரம் முன்பும், ஒரு மணி நேரம் பின்பும் தேநீரையும் காப்பியையும் தவிர்க்கும்படி சொல்லியிருக்கிறது.

மகளுடைய சோகைக்குத் தேநீர் ஒன்றே காரணம் என்று மருத்துவர் சொல்லவில்லை. மாதவிடாயின் இழப்பு, வளருகிற வயது, கீரையும் பழமும் குறைந்த சாப்பாடு ஆகிய யாவும் சேர்ந்தே அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்தன. ஆனால் குறைவாய்க் கிடைத்த அந்த இரும்பையும் சேரவிடாமல் செய்தது மூன்று வேளையும் போஜனத்தோடு வந்த தேநீர். அதை அன்போடும் இஞ்சியோடும் கலந்து கொடுத்தவன் நான்.

இந்தக் குறை நம் வீட்டுக்கு மாத்திரமல்ல. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட ஸ்திரீகளில் 57 சதவீதம் பேர் இரத்தச் சோகை உள்ளவர்கள். 15 முதல் 19 வயதுப் பெண்களில் அது 59 சதவீதம். உங்கள் வாலிபர் கூட்டத்தில் பத்துப் பெண்பிள்ளைகள் இருந்தால், அவர்களில் ஐந்தாறு பேர் இந்தக் களைப்போடுதான் பாடிக்கொண்டிருக்கலாம்.

ஒரு மணி நேரம்

மருத்துவர் இரும்பு மாத்திரை கொடுத்தார். அதைத் தேநீரோடோ பாலோடோ விழுங்கக் கூடாது, எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ கூட எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். வைட்டமின் சி இரும்பைச் சரீரத்தில் சேர்த்துக்கொள்ள உதவும். காலைச் சப்பாத்தியோடு வேர்க்கடலைச் சட்னியும், ஒரு நெல்லிக்காயும் வந்தன. நான்கு மாதங்களில் ஹீமோகுளோபின் 11.8க்கு உயர்ந்தது. அவள் மறுபடியும் நின்று பாடுகிறாள்.

என் மனதில் மீதமிருந்த துக்கம் வேறு. அந்தக் காலைப் பதினைந்து நிமிடங்கள் போய்விடுமே என்பதுதான். மகளே அதற்கு வழி சொன்னாள். "அப்பா, டீயை மட்டும் சாயங்காலத்துக்கு மாற்றிவிடலாம், பேச்சை மாற்ற வேண்டாம்" என்றாள். ஆகவே காலையில் தேநீர் இல்லாமலே பேசுகிறோம். மாலை ஐந்து மணிக்கு, சாப்பாட்டுக்கு வெகு முன்பாக, சன்னலோரம் உட்கார்ந்து இருவரும் ஆளுக்கொரு குவளை அருந்துகிறோம். இப்பொழுது எந்த டப்பாவைத் திறப்பது என்று அவளே தீர்மானிக்கிறாள். முதல் துளிரை அவள் மதிப்பதில்லை. நீலகிரிதான் வேண்டும் என்கிறாள்.

குடும்பத் தலைவர்களே, இன்னொன்றையும் உங்கள் வீட்டில் கவனித்துப் பாருங்கள். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, தனக்குச் சாப்பாடு போதாதபோது ஒரு குவளைத் தேநீரால் பசியை அடக்கிக்கொள்ளுகிற ஒருவர் உங்கள் சமையலறையில் இருக்கிறார்களா? "எனக்கு டீ போதும்" என்று அவர்கள் சொல்லும்போது, நாம் அதை அவர்களுடைய ருசி என்று நினைத்துக்கொள்ளுகிறோம். மகளுக்குப் பரிசோதனை செய்த அதே வாரத்தில் என் மனைவிக்கும் செய்தோம். 9.4 இருந்தது. அவள் ஒருநாளும் மயங்கி விழவில்லை. அதனால் ஒருவரும் கேட்கவில்லை.

எனவே தேநீரை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நானே விடவில்லை! சாப்பாட்டுக்கும் குவளைக்கும் இடையே ஒரு மணி நேரத்தை மாத்திரம் வையுங்கள். வீட்டுப் பெண்பிள்ளைகளையும், அவர்கள் தாயையும் ஒருமுறை இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போங்கள். அரசு ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் மாநகராட்சி மருத்துவமனைகளிலும் இதைச் செய்துகொள்ளலாம். அதிக நேரம் பிடிக்காது.

என்னை இதமாய் எழுதச் சொன்ன அந்தச் சகோதரிக்கும் ஒரு வார்த்தை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பின் நீங்கள் தேநீர்க் குவளையை எடுக்கும்போது, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.